குறைந்த செலவில் நிறைந்த உணவு

கூட்டுறவுச் சங்கத்தில் அங்கத்தினர் கடன் விண்ணப்பம் கொடுக்கும்போது, விதை, எரு, உழவு மாடு என்று காரியம் குறிக்கப்படுகிறது. ஆனால் பணம் கைக்கு வந்த மறு தினமே அதில் ஒரு பாகம் மளிகைக் கடைப் பாக்கிக்குச் சென்றுவிடுவதைத் தணிக்கைக்குச் செல்லும் எங்களைப் போன்றோர் பலமுறை கண்டிருக்கிறோம். அங்கத்தினரைக் குறை கூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. உண்ணாமல் உழ முடியாது. எனினும் உணவுக்கென்று செலவான பணம் உண்மையில் உடம்பில் சேர்ந்ததா என்பது விசாரிக்கத் தக்கதாகும்.

ஒரு கிராமத்தில் தவணை தவறிய ஓர் அங்கத்தினர் தம் கடைச் சிட்டையை என்னிடம் காட்டினார். அதில் தேயிலை, சர்க்கரை, கடைத் தின்பண்டம், சிறு சிறு பொட்டலங்களாக எண்ணெய் ஆகியவையே நாள்தோறும் காணப்பட்டன. பருப்பு மாதத்தில் இருமுறைதான் வாங்கப்பட்டிருந்தது. அவர் வீட்டுக் கொல்லையில் முருங்கை மரம் தழைத்து நின்றது. அடுப்படியில் வடித்த கஞ்சி சாக்கடையில் ஓடிற்று. திண்ணையில் இருந்த இளைய குழந்தைக்கு வாயின் இரு கோணங்களிலும் புண் இருந்தது. பணமும் போயிற்று; பலமும் வரவில்லை. இதை மாற்றும் வழியே இப்பாடத்தின் பொருள்.

1. அரிசியில் நாம் இழப்பது

நீலகிரி ஜில்லா குன்னூரில் உணவு ஆராய்ச்சி நடத்திய டாக்டர் ராபர்ட் மக்காரிஸன் என்பவர், இந்நாட்டின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிகளுக்குத் தனித்தனியே ஊட்டிப் பரீக்ஷித்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி ஆகியவை சேர்ந்த சீக்கியர் உணவை உண்டவை செழித்து வளர்ந்தன. தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பிய சென்னை மாகாண உணவை உண்டவை வளர்ச்சியில் மிகவும் பின்தங்கின. 1935-இல் அவ்வாராய்ச்சிக் கூடத்தின் தலைமையை ஏற்ற டாக்டர் அய்க்ராய்டு, 1937-இல் இந்திய உணவுப் பொருள்களின் சத்து அளவுகளை அட்டவணையாக வெளியிட்டார். அக்கூடம் 1958-இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டது.

குற்றம் அரிசியினுடையதன்று, நாம் அதைக் கையாளும் முறையினுடையது. அரிசியின் 'பி' ஜீவசத்துக்கள் பெரும்பாலும் மேல்தவிட்டிலும் முளையிலும் உள்ளன. வெண்மைக்காகத் தீட்டத் தீட்ட அவை தவிட்டோடு போகின்றன. எஞ்சியதில் ஒரு பங்கு பலமுறை களைவதால் கழுநீரிலும், மற்றொரு பங்கு வடிகஞ்சியிலும் போகிறது. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள ஜீவசத்து அரிசியின் உள்ளே இறங்கித் தங்குவதால் புழுங்கல் அரிசியில் இந்நஷ்டம் குறைவு. ஆகையால்,

(அ) பச்சரிசியைவிடப் புழுங்கல் அரிசியையும், அதிலும் குறையத் தீட்டியதையும் விரும்புக.

(ஆ) கல், உமி நீங்க ஒரு முறை அல்லது இரு முறை களைந்தால் போதும்.

(இ) கூடியவரை தண்ணீரை அளந்து வைத்துக் கஞ்சி வடிக்காமல் பொங்குக. வடிப்பது அவசியமானால் அக்கஞ்சியில் உப்பும் மோரும் சேர்த்துப் பருகுக. அல்லது கீரையும் பருப்பும் வேக அதனையே உலைநீராக்குக.

இவற்றுள் ஒன்றுக்கும் காசு செலவில்லை.

2. சோற்றுக்குத் துணை

தமிழ்நாட்டில் அரிசி அட்டைதாரருக்கு 2011 ஜூன் முதல் நியாய விலைக் கடைகளில் அரிசி விலையின்றி வழங்கப்பட்டு வருகிறது. ஆதலின் ஏழைக் குடும்பத்தில் இன்று பெரிதும் குறைவது சோறன்று, சோற்றுக்குத் துணையானவையே.

அரிசியில் புரதம் நூற்றுக்கு ஏழு பங்கு அளவே உண்டு. துவரை, பயறு, உளுந்து, கொள்ளு முதலியவற்றில் நூற்றுக்கு இருபது பங்குக்கு மேல் உண்டு. மேலும் அரிசிப் புரதத்தில் குறைவான அம்சம் பருப்பில் மிகுந்தும், பருப்பில் குறைவானது அரிசியில் போதியதாகவும் இருப்பதால், இரண்டையும் சேர்த்து உண்ணும்போது ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கிறது. நம் முன்னோர் கண்ட இட்டலியும் பொங்கலும் இவ்வகையில் சிறந்த சேர்க்கைகள். துவரம் பருப்பின் விலை ஏறினால் பருப்பையே நிறுத்திவிடுதல் தவறு. கொள்ளு, காராமணி, மொச்சை, பயறு இவற்றில் மலிந்ததை வாங்குக. முதல் நாள் இரவே ஊறவைத்தால் விறகு மிச்சமாகும். புளியின் புளிப்பு பருப்பை வேகவிடாது. ஆதலால் பருப்பு குழைந்த பின்னரே புளி கரைத்துவிடுக.

கீரையைப் போல் மலிந்த ஆகாரம் வேறில்லை. முருங்கைக் கீரையில் சுண்ணாம்புச் சத்தும், கண்ணுக்கு இன்றியமையாத 'ஏ' ஜீவசத்தை உடம்பில் உண்டாக்கும் பொருளும் மிகுந்துள்ளன. கீரையை அலசிய பின் நறுக்குக. நறுக்கியபின் அலசினால் சத்து நீரோடு போம். வெந்த நீரைக் கொட்டாமல் ரசத்திற்குச் சேர்க்குக. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர எலுமிச்சையோ நெல்லிக்காயோ உதவும். உணவோடு தேநீர் அருந்துவது அதனைத் தடுக்கும்.

3. கேழ்வரகும் குழந்தைகளும்

நூறு கிராம் அரிசியில் சுண்ணாம்புச் சத்து சுமார் 10 மில்லிகிராம். அதே நிறையுள்ள கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல். எலும்பு வளரும் பிள்ளைகளுக்கும், கருவுற்ற பெண்டிருக்கும், பால் கொடுக்கும் தாய்மாருக்கும் இதைவிட மலிவான சகாயம் அரிது. கேழ்வரகைக் கூலிக்காரர் உணவென்று இகழ்வோர் உண்டு. 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமாகி அந்நாட்டு அரிசி வரவு நின்றபோது, அரிசி ஒன்றையே நம்பியிருப்பதன் ஆபத்து அனைவருக்கும் விளங்கிற்று.

கேழ்வரகை ஓர் இரவு ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிடச் செய்து, வெயிலில் உலர்த்தி, இலேசாக வறுத்து மாவாக்குக. முளைகட்டிய மாவில் காய்ச்சிய கஞ்சி இளகி நிற்கும். ஆதலால் அதே கிண்ணத்தில் அதிக மாவைக் கரைத்துக் கொடுக்கலாம். ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்குத் தாய்ப்பாலோடு இக்கஞ்சியையும் ஊட்டத் தொடங்கலாம்.

பால் சங்கத்து அங்கத்தினர்களுக்கு ஒரு வார்த்தை. கறந்த பால் முழுவதையும் சங்கத்திற்கு ஊற்றிவிட்டு, வந்த காசில் பிள்ளைக்குத் தேநீரும் ரொட்டியும் வாங்கிக் கொடுப்பது நஷ்ட வியாபாரம். மேலே கூறிய வாய்க்கோணப் புண்ணுக்குப் பாலிலும் கீரையிலும் பருப்பிலும் உள்ள ஒருவகை 'பி' ஜீவசத்தின் குறைவு முக்கியமான ஒரு காரணம். குழந்தைக்கு ஒரு தம்ளர் பாலை எடுத்து வைத்த பின்னரே மிச்சத்தை ஊற்றுக.

4. ஐந்து பேருக்கு ஒரு நாள்

கணவன், மனைவி, ஒரு முதியவர், இரு பிள்ளைகள் உள்ள குடும்பத்திற்கு ஒரு நாளைக்கு உத்தேச அளவு பின்வருமாறு:

அரிசி 1¼ கிலோ. கேழ்வரகு மாவு ¾ கிலோ. பருப்பு, பயறு வகைகள் 300 கிராம். கீரை ½ கிலோ. மலிந்த காய் ½ கிலோ. நிலக்கடலை 100 கிராம். எண்ணெய் 75 கிராம். வெல்லம் 50 கிராம். இயன்ற அளவு பால் அல்லது மோர்.

காலையில் கேழ்வரகுக் கூழும் மோரும், கடித்துக்கொள்ள வெங்காயமும். அல்லது பழைய சோறும் நிலக்கடலைத் துவையலும். மத்தியானம் சோறு, காராமணிக் குழம்பு, முருங்கைக் கீரைப் பொரியல். இரவில் கேழ்வரகுக் களி, கொள்ளு ரசம், காய்க்கூட்டு. பிள்ளைகளுக்கு மாலையில் வேகவைத்த கடலையும் வெல்லமும். மாமிசம் உண்போர் வாரத்தில் இரு நாள் முட்டையோ, முள்ளோடு உண்ணத்தக்க நெத்திலிக் கருவாடோ சேர்க்கலாம்.

சமைப்பதோடு காரியம் முடிந்துவிடாது. அனைவரும் உண்ட பின் இல்லாள் உண்பது நம் வழக்கம். அப்போது குழம்பில் பருப்பும் இராது, சட்டியில் கீரையும் இராது. ஆகவே பரிமாறத் தொடங்குமுன் அவள் பங்கைத் தனியே எடுத்து வைக்கும் பொறுப்பைக் குடும்பத் தலைவர் ஏற்கவேண்டும். வயலில் நாற்று நடுபவளும் அவளே என்பதை மறத்தலாகாது.

5. வாங்கும் முறை

நாள்தோறும் சிறு பொட்டலமாகக் கடனுக்கு வாங்குவோன், சரக்கின் விலையோடு பொட்டலத்தின் விலையையும் கடனின் வட்டியையும் சேர்த்தே கொடுக்கிறான். துவரையை அறுவடையான தை, மாசியிலும், புளியை மாசி, பங்குனியிலும் மொத்தமாக வாங்கிக் காயவைத்துச் சேமிப்பது உத்தமம். ஈரப்பதமாகிப் பூஞ்சணம் பிடித்த நிலக்கடலையை மட்டும் சிக்கனம் கருதி உண்ணலாகாது. அது ஈரலைக் கெடுக்கும் விஷம்.

தனியொருவனால் மொத்தமாக வாங்க இயலாதென்றால் பத்துப் பேர் சேர்ந்து வாங்கலாம். 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில், நெசவாளர் உள்ளிட்ட 28 பேர் சேர்ந்து திறந்த கடையில் முதலில் விற்றவை மாவு, ஓட்ஸ் மாவு, சர்க்கரை, வெண்ணெய், மெழுகுவர்த்தி ஆகியவையே. கலப்படமற்ற சரக்கு, சரியான எடை, ரொக்க விற்பனை என்பன அவர்கள் கொண்ட நியமங்கள். சென்னையில் 1904-இல் தோன்றிய திருவல்லிக்கேணிப் பண்டகசாலையும் அவ்வழியில் வந்ததே. கூட்டுறவின் ஆரம்பமே அடுப்படியில் என்று சொன்னால் மிகையாகாது.

6. வீட்டில் செய்ய வேண்டிய கணக்கு

ஒரு மாதத்திற்கு, வாங்கும் பண்டம் ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுதி, அதற்கெதிரே 'பலம்', 'ருசி', 'பழக்கம்' என்ற மூன்றில் ஒன்றைக் குறிக்குக. மாத முடிவில் மூன்றையும் தனித்தனியே கூட்டுக. பழக்கத்துக்குச் சென்ற தொகையில் பாதியைப் பருப்புக்கும் நிலக்கடலைக்கும் திருப்பினால், செலவு கூடாமலே உணவு திருந்தும். எழுத்தறியாதார் வீட்டில் பள்ளி செல்லும் பிள்ளை இக்கணக்கை எழுதலாம்.

7. சங்கக் கூட்டத்தில் ஆலோசிக்க வேண்டியவை

(1) நம் ஊரில் எத்தனை வீட்டில் கஞ்சி வீணாகிறது?

(2) கேழ்வரகு, பயறு ஆகியவற்றை அறுவடைக் காலத்தில் சங்கத்தின் மூலம் மொத்தமாகக் கொள்முதல் செய்ய இயலுமா?

(3) வீட்டுக்கொரு முருங்கையும், அடுப்படி நீர் பாயும் ஒரு கீரைப் பாத்தியும் இவ்வாண்டே அமைக்கலாமா?

(4) இக்கூட்டத்திற்குப் பெண்டிரும் அழைக்கப்பட்டனரா? இல்லையெனில் மேற்கண்ட மூன்றையும் மறு கூட்டத்திற்கு ஒத்திவைத்து, அவர்களை அழைத்த பின்னரே முடிவு செய்க. அடுப்படியின் நிலவரத்தை அறிந்தவர் அவர்களே.