மாரடைப்புக்கு ஒரு நாள்காட்டி: இதயப் பாத்தாலஜியைப் படிக்கும் வழி

வைவாவில் எக்ஸ்டர்னல் கேட்ட கேள்வி சின்னதுதான். "நெஞ்சுவலி வந்து ஒரு மணி நேரத்தில் ஆள் இறந்துவிட்டார். இதயத்தை வெட்டிப் பார்க்கிறாய். என்னம்மா தெரியும்?" அந்தப் பெண் நன்றாகப் படிக்கிறவள். "நடுவில் மஞ்சளாகத் தெரியும் சார்" என்றாள். அவர் ஒன்றும் சொல்லாமல் அடுத்த பாட்டை, அதாவது உறுப்பு ஜாடியை, நகர்த்தி வைத்தார். வெளியே வந்து அழுதாள். ராபின்ஸ் பாடப்புத்தகத்தில் இருக்கும் மாரடைப்பு அட்டவணையை நான்கு முறை எழுதிப் பார்த்தவள் அவள். மஞ்சளும் அதே அட்டவணையில்தான் இருக்கிறது, சில வரிசை கீழே.

சரியான பதில்: ஒன்றும் தெரியாது. வருடா வருடம் இதே இடத்தில் யாராவது விழுகிறார்கள். அதனால் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் வரிசை. ரத்தக்குழாய்ப் பாடத்தை முடிக்காமல் இதயப் பாடத்தைத் தொடாதீர்கள். அத்திரோஸ்கிளிரோசிஸ் எஸ்ஸேயாக வரும்; எண்டோதீலியம் காயப்படுவதில் தொடங்கி, நுரைச் செல், கொழுப்புக் கோடு, நார்த்தொப்பி, தொப்பி கிழிந்து ரத்தம் உறைவது வரை ஒரே படமாக வரையப் பழகினால் போதும். ஹெச் அண்ட் ஈ பென்சில், அதாவது ரோஸும் ஊதாவும் மட்டும். ஏழு நிறத்தில் ஸ்கெட்ச் பேனா வைத்துக்கொண்டு உட்காருகிறவர்களின் படம் அழகாக இருக்கும், நேரம் போதாது.

இப்போது எம்.ஐ., அதாவது மாரடைப்பு. புத்தகத்து அட்டவணையை அப்படியே மனப்பாடம் செய்வதை விட்டுவிடுங்கள். ஒரு வெள்ளைத்தாளைக் குறுக்கே வைத்து ஒரு கோடு போடுங்கள். கோட்டில் ஆறே கட்டங்கள்: முதல் 4 மணி நேரம், 4 முதல் 24 மணி நேரம், 1 முதல் 3 நாள், 3 முதல் 7 நாள், 7 முதல் 14 நாள், அதற்குப் பிறகு. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே ஒரு கேள்வி: இந்த நேரத்தில் அங்கே யார் வேலை செய்துகொண்டிருக்கிறார்?

இடிந்த வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் 4 மணி நேரத்தில் யாரும் வரவில்லை, வெளியே சேதமும் தெரியாது. ரத்தம் நின்ற ஒன்றிரண்டு நிமிடத்தில் தசை சுருங்குவதை நிறுத்திவிடுகிறது, 20 முதல் 40 நிமிடத்தில் செல் திரும்பி வர முடியாத நிலைக்குப் போகிறது. ஆனாலும் கண்ணுக்கும் சாதாரண ஸ்லைடுக்கும் அது எட்டாது. மிஞ்சிப்போனால் ஓரத்தில் நார்கள் அலையலையாகத் தெரியும். 4 மணி நேரத்துக்குப் பிறகு கருந்திட்டு, கோயாகுலேட்டிவ் நெக்ரோசிஸ். தசைநார் அடர்ந்த ரோஸாகிறது, உட்கரு சுருங்குகிறது. முதல் நாள் முடிகிற நேரத்தில் நியூட்ரோஃபில் கூட்டம் நுழைகிறது. அடுத்த இரண்டு நாள் அதன் ஆட்டம்தான், நடுப்பகுதி மஞ்சளாகத் தொடங்குவதும் அப்போதுதான். மூன்றாம் நாளுக்கு மேல் மேக்ரோஃபேஜ் வருகிறது. இது சித்தாள் வேலை, இடிபாடு அள்ளுவது. தசை மஞ்சளாகி, மெத்தென்று ஆகிவிடும். சுற்றிலும் சிவந்த விளிம்பு. ஒரு வாரம் கழித்துக் கொத்தனார் வருகிறார்: புதுத் தந்துகிகளும் ஃபைப்ரோபிளாஸ்டும் சேர்ந்த கிரானுலேஷன் திசு. இரண்டு வாரத்துக்குப் பிறகு கொலாஜன் ஏறிக்கொண்டே போய், இரண்டு மாதத்தில் வெள்ளைத் தழும்பு.

எக்ஸ்டர்னல் அடுத்துக் கேட்பது எது என்று இந்தப் படமே சொல்லிவிடும். இதயச் சுவர் எப்போது கிழியும்? சித்தாள் அள்ளத் தொடங்கி, கொத்தனார் இன்னும் வந்து சேராத இடைவெளியில். அதாவது முதல் வாரத்தில், பெரும்பாலும் மூன்றாம் நாளையொட்டி அல்லது அதற்குச் சற்றுப் பின். வெளிச்சுவர் கிழிந்தால் ரத்தம் பெரிகார்டியத்துக்குள் நிரம்பி டாம்பனேடு. நடுச்சுவர் கிழிந்தால் இடமிருந்து வலம் ஷண்ட். பாப்பில்லரி தசை அறுந்தால் திடீர் மைட்ரல் கசிவு. இதையெல்லாம் தனிப்பட்டியலாகப் படிக்காதீர்கள். அதே கோட்டின் கீழே, அந்தந்தக் கட்டத்துக்கு நேராக எழுதுங்கள். முதல் கட்டத்தின் கீழ் அரித்மியா, 1 முதல் 3 நாளின் கீழ் பெரிகார்டைட்டிஸ், கடைசிக் கட்டத்தின் கீழ் டிரெஸ்லர் சிண்ட்ரோமும் அனியூரிசமும்.

கோட்டுக்கு மேலே என்சைம். டிரோபோனினும் சி.கே.-எம்.பி.யும் சில மணி நேரத்தில் ஏறத் தொடங்கும். சி.கே.-எம்.பி. ஒரு நாளில் உச்சம் தொட்டு மூன்று நாளுக்குள் இறங்கிவிடும். டிரோபோனின் ஒரு வாரம், அதற்கு மேலும்கூட நிற்கும். "ஐந்தாம் நாள் மறுபடியும் நெஞ்சுவலி, எந்த டெஸ்ட்?" என்று கேட்பார்கள். தேர்வுப் பதில் சி.கே.-எம்.பி. வார்டில் இப்போது டிரோபோனினையே இடைவெளி விட்டு எடுத்து, மறுபடி ஏறுகிறதா என்று பார்க்கிறார்கள். அதையும் ஒரு வரி சேர்த்துச் சொன்னால் மதிப்பெண் கூடும், சொல்லும் தொனி பணிவாக இருக்கும் வரை.

ஒரு மணி நேரக் கேள்விக்கு ஒரு வால் உண்டு. "ஒன்றும் தெரியாது" என்று சரியாகச் சொன்னவரிடம், "டி.டி.சி. சாயம் போட்டால்?" என்பார்கள். உயிருள்ள தசை செங்கல் சிவப்பாகும், இறந்த பகுதியிலிருந்து டீஹைட்ரஜனேஸ் கசிந்துவிட்டதால் அது வெளிறியே நிற்கும் என்று ஒப்பித்தால் பாதிக் கிணறு. சாயத்துக்கும் இரண்டு மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு அதுவும் உதவாது. எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் என்று சொல்லுங்கள், விட்டுவிடுவார்.

மூன்று நாள் தொடர்ந்து, பார்க்காமல், அந்தக் கோட்டைப் போடுங்கள். நாலாம் நாள் வேண்டாம், சலித்துவிடும்.

அடுத்துத் தடுக்கி விழுகிற இடம் வால்வு. நான்கு வெஜிடேஷனையும் ஒரே பக்கத்தில் நான்கு வால்வு வரைந்து வைத்தால் பத்து நிமிட வேலை. ருமாட்டிக்: வால்வு மூடும் கோட்டோடு வரிசையாகச் சின்னச் சின்ன மரு. இன்ஃபெக்டிவ்: பெரிசு, ஒழுங்கற்றது, உதிரும், வால்வையே அரித்துவிடும். என்.பி.டி.இ. (நான்-பாக்டீரியல் த்ராம்பாட்டிக் எண்டோகார்டைட்டிஸ்): மூடும் கோட்டில், சின்னது, கிருமியில்லை, அரிப்பில்லை. லிப்மன்-சாக்ஸ்: லூப்பஸ் நோயாளியிடம், வால்வின் இரண்டு பக்கமும் வரலாம். வாயால் சொல்லிப் பழகுகிறவர்கள் இரண்டாவதையும் நான்காவதையும் குழப்புவார்கள், வரைகிறவர்கள் குழப்புவதில்லை.

ருமாட்டிக்கில் ஆஷாஃப் பாடியை வரையாமல் எஸ்ஸே எழுதாதீர்கள். அதற்குள் இருக்கும் அனிச்கோவ் செல்லின் உட்கருவில் குரோமாட்டின் கம்பளிப்பூச்சி போல நெளிந்திருக்கும்; முருங்கை மரத்தைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மீன்வாய் போல ஒடுங்கிய மைட்ரல் வால்வு எதற்கு முக்கியம் என்று கேட்கிறவர்கள், கர்ப்பமான பிறகுதான் மூச்சுவாங்கி ஆஸ்பத்திரிக்கு வருகிற பெண்களை மூன்றாம் ஆண்டில் வார்டில் பார்ப்பார்கள்.

பிறவிக் குறைபாடு: ஃபேலோ டெட்ராலஜியின் நான்கையும், எந்த ஷண்டில் உடம்பு நீலமாகும் என்பதையும் தெரிந்துகொண்டு நகருங்கள்.

கடைசியாக பாட். ஜாடியைப் பார்த்தவுடன் "எம்.ஐ. சார்" என்று குதிக்காதீர்கள். இது இதயம், இடது வென்ட்ரிக்கிள் திறந்திருக்கிறது, சுவர் இத்தனை தடிமன், இன்ன இடத்தில் இன்ன மாற்றம், ஆகவே இன்ன நோய். இந்த வரிசையில் சொன்னால் நோயின் பெயர் தப்பினாலும் பாதி மதிப்பெண் நிற்கும். புத்தகத்து மஞ்சளையும் சிவப்பையும் ஜாடியில் தேடவும் வேண்டாம். ஃபார்மலினில் பல வருடம் கிடந்த தசை எல்லாமே சாம்பலும் பழுப்பும்தான். சுவர் மெலிந்து வெளுத்திருந்தால் பழைய தழும்பு. உள்ளே அறை சிறுத்து, சுவர் சுற்றிலும் ஒரே சீராகத் தடித்திருந்தால் ரத்தக்கொதிப்பு இதயமாக இருக்கலாம், 2 செ.மீ.க்கு மேல் போனால் அநேகமாக அதுதான் என்பது என் கணக்கு. அயோர்ட்டிக் வால்வை மட்டும் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். அது கல்லாய் இறுகியிருந்தாலும் சுவர் இப்படித் தடிக்கும்.

மியூசியத்தில் ஜாடி எண்ணை வைத்து நோயை மனப்பாடம் செய்கிற குறுக்குவழி எல்லா பேட்சிலும் உண்டு. 14 என்றால் அனியூரிசம், 22 என்றால் அத்திரோமா என்று வாட்ஸ்அப்பில் பட்டியலே சுற்றும். தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம் அந்த எண்களை மாற்றி ஒட்டிவிடுவார்கள். எங்கள் டிபார்ட்மென்ட்டில் ஒட்டுகிறவன் நான்தான்.