உறைந்த நீரில் உறங்காத வினைகள்

(வேதியியல் துறை)

வினைவேகவியல் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஒரு நாள், வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் பல வினைகளின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்று கரும்பலகையில் எழுதினேன். பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, "அப்படியானால் ஐயா, நீர் உறைந்து பனிக்கட்டியாகிவிட்டால் அதிலுள்ள மாசுகளின் வினைகள் நின்றுவிடுமா?" என்று கேட்டாள். "ஏறத்தாழ நின்றுவிடும்" என்றேன். பின்னர் நூலகத்தில் அமர்ந்து படித்தபோதுதான் என் விடை தவறு என்று தெரிந்தது. அந்தக் கடனைத் தீர்க்கவே இக்கட்டுரை.

குச்சி ஐஸ் தின்றவர்கள் அறிவார்கள். உறிஞ்ச உறிஞ்ச நிறமும் இனிப்பும் முதலில் வந்துவிடும்; இறுதியில் சுவையற்ற வெள்ளைக் கட்டியே மிஞ்சும். நீர் மூலக்கூறுகள் அறுகோண ஒழுங்கில் அடுக்கிக்கொள்ளும்போது பிற பொருள்களுக்கு அங்கே இடமில்லை. அவை வெளியே தள்ளப்பட்டு, படிகங்களுக்கு இடையிலுள்ள நுண்ணிய சந்துகளில் செறிந்த கரைசலாகத் தேங்குகின்றன. பனிக்கட்டியின் மேற்பரப்பிலும் நீர்மம் போன்ற மெல்லிய படலம் உண்டு என்ற கருத்தை மைக்கேல் ஃபாரடே 1850-இலேயே வெளியிட்டார்.

இச்செறிவின் ஆற்றல் என்ன? நைட்ரைட்டு அயனி ஆக்சிஜனுடன் சேர்ந்து நைட்ரேட்டாக மாறும் வினை, கரைசல் உறையும்போது ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு விரைவதை ஜப்பானிய அறிஞர் தகெனாக்கா குழுவினர் 1992-இல் காட்டினர். இவ்வினைக்கு ஒளியும் வேண்டியதில்லை. குளிர் வேகத்தைக் குறைக்க முயல்கிறது. செறிவோ அதனை வென்றுவிடுகிறது.

இனி ஒளியைச் சேர்த்துப் பார்ப்போம். துருவக் கோடையில் கதிரவன் பல வாரங்கள் மறைவதேயில்லை. பனியில் படிந்த நைட்ரேட்டு புறஊதாக் கதிரை ஏற்று, நைட்ரஜன் டை ஆக்சைடாகவும் மிகுந்த வினைத்திறனுள்ள ஹைட்ராக்சில் உறுப்பாகவும் சிதைகிறது. கிரீன்லாந்தின் சம்மிட் நிலையத்தில், பனித்துகள்களுக்கு இடையிலுள்ள காற்றில் நைட்ரஜன் ஆக்சைடுகள் வெளிக்காற்றில் இருப்பதைவிட மிகுந்திருப்பதை 1999-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. வெண்பனி வெறும் கிடங்கன்று. அது ஒரு தொழிற்கூடம்.

பாச்சை உருண்டையில் பயன்பட்ட நாஃப்தலீனும், அதன் உறவான ஆந்த்ரசீனும் நீரில் இருப்பதைவிடப் பனிக்கட்டியின் பரப்பில் ஒளியால் விரைவாகச் சிதைவதை டொராண்டோ ஆய்வாளர்கள் 2007-இல் கண்டனர். "மாசு விரைவில் அழிந்தால் நல்லதுதானே?" என்று நீங்கள் கேட்கலாம். அழிந்தபின் என்னவாகிறது என்பதே கேள்வி.

குளோரோபீனாலை எடுத்துக்கொள்வோம். நீரில் ஒளி பட்டால் குளோரின் விலகுகிறது. அவ்விடத்தை நீர் மூலக்கூறு நிரப்புகிறது. பனிக்கட்டியிலோ நீர் படிகத்தில் கட்டுண்டு கிடக்கிறது. நெருக்கியடித்துக் கிடக்கும் குளோரோபீனால் மூலக்கூறுகள் தமக்குள்ளேயே இணைகின்றன. இதனால் இரு வளையங்கள் கொண்ட, குளோரின் நீங்காத சேர்மங்கள் பிறப்பதைச் செக் நாட்டு மசாரிக் பல்கலைக்கழக அறிஞர்கள் 2003-இல் எடுத்துரைத்தனர். இவ்வகை விளைபொருள் மூலப்பொருளைவிடக் கொடியதாகவும் இருக்கக்கூடும். மாசு மறைந்தது என்று நாம் மகிழும் இடத்தில் வேறொரு மாசு பிறந்திருக்கலாம்.

எல்லா வினைகளும் விரைவதில்லை என்பதையும் கூறவேண்டும். கட்டிக்குள் இறுகச் சிக்கிய துணுக்குகள் விலகிச்செல்ல வழியின்றி மீண்டும் சேர்ந்துவிடுவதும் உண்டு. மாசு எங்கே தங்கியிருக்கிறது என்பதே விடையைத் தீர்மானிக்கிறது.

இதனால் நமக்கென்ன என்று இருந்துவிட இயலாது. வெப்ப நாடுகளில் தெளிக்கப்பட்ட பூச்சிக்கொல்லிகளுள் சில ஆவியாகி, காற்றில் ஏறி, குளிர் நிலங்களில் படிகின்றன. வசந்தத்தில் பனி உருகும்போது அவையும் அவற்றின் விளைபொருள்களும் நீரோடு கலந்து, மீனையும் மனிதரையும் அடைகின்றன.

மாணவ நண்பர்களே! ஒரு குவளை நீரில் சில துளி நீல மை கலந்து குளிர்பதனப் பெட்டியில் மெல்ல உறையவிடுங்கள். ஓரம் வெளுத்து, நடுவே நீலம் திரண்டு நிற்கும். அந்த நீலப் பொட்டே என் தவறான விடைக்குத் திருத்தம். கேள்வி கேட்ட அம்மாணவிக்கு என் நன்றி.