பத்துத் தகடுகள் பேசிய மொழி

ஸ்வீடன் நாட்டின் தலைநகரான ஸ்டாக்ஹோமை ஒட்டிய கடலில் ஆயிரக்கணக்கான சிறு தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. அந்நாட்டின் கடலோரப் பகுதிகளில் 'டெலிகிராஃப்பெரியெட்' என்ற பெயரில் சில குன்றுகள் உள்ளன. 'தந்திக் குன்று' என்பது அதன் பொருள். கம்பி வழியே செல்லும் தந்தியால் வந்த பெயர் அன்று இது. கம்பித் தந்தி ஸ்வீடனுக்கு வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே அங்கே வேறொரு தந்தி இருந்தது. அதற்கு மின்சாரம் தேவைப்படவில்லை. இரும்புத் தகடுகளும் ஒரு தொலைநோக்கியும் விழிப்பான இரு கண்களும் இருந்தால் போதும். அதனைக் காட்சித் தந்தி எனலாம்.

1794ஆம் ஆண்டு பிரான்சு போரில் சிக்கியிருந்தது. அப்போது கிளாட் ஷாப் என்பவர் பாரிசுக்கும் லீல் நகருக்கும் இடையே வரிசையாக நிலையங்களை அமைத்தார். ஒவ்வொரு நிலையத்தின் உச்சியிலும் உயரமான கம்பமும் அசையும் மரக்கைகளும் இருந்தன. ஒரு நிலையத்தில் கைகள் எந்த வடிவில் நிற்கின்றனவோ, அதே வடிவை அடுத்த நிலையமும் காட்டும். குதிரைவீரன் நாள்கணக்கில் சுமந்து செல்லும் செய்தி இவ்வாறு மிக விரைவாகத் தலைநகரை அடைந்தது.

இச்செய்தியைப் படித்த ஸ்வீடன் நாட்டவர் ஒருவர் உடனே வேலையில் இறங்கினார். அவர் பெயர் ஆப்ரகாம் நிக்லாஸ் எடெல்கிராண்ட்ஸ். அவர் ஒரு கவிஞர். ஸ்வீடன் அகாதெமியின் உறுப்பினர். அரசரின் செயலாளராகவும் இருந்தவர். கவிஞருக்கு இயந்திரத்தோடு என்ன வேலை என்று நமக்குத் தோன்றலாம். ஆனால், சில வாரங்களிலேயே அவர் சொந்தமாக ஒரு தந்தியை உருவாக்கிவிட்டார். 1794, நவம்பர் 1ஆம் நாள் இளம் அரசர் நான்காம் குஸ்தாவ் அடோல்ஃபுக்குப் பதினாறு வயது நிறைந்தது. அன்று ஸ்டாக்ஹோம் அரண்மனையிலிருந்து ட்ரோட்னிங்ஹோல்ம் அரண்மனைக்கு அவர் ஒரு பிறந்தநாள் கவிதையை அனுப்பினார். போருக்காகப் பிறந்த கருவி, ஸ்வீடனில் வாழ்த்துக் கவிதையோடுதான் பேசத் தொடங்கியது!

எடெல்கிராண்ட்ஸின் முதல் கருவியிலும் ஷாப்பின் கருவியைப் போலவே கைகள் இருந்தன. பிறகு அவர் அதனைக் கைவிட்டுத் தகடுகளுக்கு மாறினார். பெரிய சட்டம் ஒன்றில் வரிசைக்கு மூன்றாக மூன்று வரிசைகளில் ஒன்பது தகடுகள். உச்சியில் பெரிய தகடு ஒன்று. ஆக மொத்தம் பத்து. ஒவ்வொரு தகட்டுக்கும் இரண்டு நிலைகளே உண்டு. நிமிர்ந்து நின்றால் தொலைவிலிருந்து கண்ணுக்குத் தெரியும், படுத்துவிட்டால் தெரியாது. பணியாளர் வேண்டிய தகடுகளைக் கயிறுகளால் தேர்ந்தெடுத்துக் கொண்டு மிதியை அழுத்தினால், அவையெல்லாம் ஒரே நேரத்தில் அசையும்.

அந்தத் தகடுகளை எண்களாகப் படித்த முறை எளிமையானது. மேலிருந்து கீழாக உள்ள மூன்று தகடுகளுக்கும் முறையே 1, 2, 4 என்ற மதிப்புகள். முதல் நெடுவரிசையில் மேல் தகடும் கீழ்த் தகடும் தெரிந்தால் 1, 4 ஆகியவற்றைக் கூட்டி 5 என்று கொள்ள வேண்டும். இரண்டாம் நெடுவரிசையில் நடுத்தகடு மட்டும் தெரிந்தால் 2. மூன்றாவதில் மூன்றும் தெரிந்தால் 7. இப்போது கிடைக்கும் குறி 527. குறிப்பேட்டைப் புரட்டி அந்த எண்ணுக்குரிய சொல்லை அறிந்து கொள்ளலாம். உச்சியில் உள்ள தகடும் சேர்ந்தால் அதே எண்ணுக்கு வேறு பொருள். இரண்டு நிலைகளைக் கொண்ட பத்துத் தகடுகளால் எத்தனை குறிகளைக் காட்ட முடியும்? நீங்களே பெருக்கிப் பாருங்கள். 1024 என்ற விடை கிடைக்கும். ஏறக்குறைய அதே காலத்தில் பிரிட்டன் கடற்படை பயன்படுத்திய தந்தியில் ஆறு தகடுகளே இருந்தன. அதனால் 64 குறிகளை மட்டுமே காட்ட முடிந்தது. இன்றைய கணினியும் 'உண்டு', 'இல்லை' என்ற இரண்டு நிலைகளைக் கொண்டே எல்லாவற்றையும் எழுதுகிறது என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

கருவி எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும், அதனைப் பார்ப்பவர் கண்ணயர்ந்தால் செய்தி அங்கேயே நின்றுவிடும். பணியாளர் தொலைநோக்கி வழியே பக்கத்து நிலையத்தைக் கவனித்தபடியே இருக்க வேண்டும். குறி தெரிந்ததும் அதனைத் தம் தகடுகளிலும் காட்ட வேண்டும். முன்னுள்ள நிலையத்தார் அதனைப் பார்த்துச் சரிபார்ப்பார். ஒரு தகடு மாறினாலும் எண் மாறிவிடும். எண் மாறினால் 'வருகிறது' என்பது 'போகிறது' என்று ஆகிவிடலாம். இடையில் உள்ள பணியாளருக்குச் செய்தியின் பொருள் தெரிய வேண்டிய தேவையும் இல்லை. பகைவரின் கப்பலைப் பற்றியதா, அரசரின் பயணத்தைப் பற்றியதா என்று அறியாமலேயே அவர் எண்களைக் கடத்திக்கொண்டிருக்கலாம். மூடுபனியும் பனிப்பொழிவும் வந்துவிட்டால் எதுவும் தெரியாது. ஸ்வீடனின் குளிர்காலத்தில் பகற்பொழுதும் மிகக் குறுகியது.

இத்தந்தியின் தேவை போர்க்காலத்தில்தான் முழுமையாகப் புலப்பட்டது. ஸ்டாக்ஹோமிலிருந்து வடக்கே கிரிஸ்லெஹாம்ன் வழியாகக் கடலைக் கடந்து ஓலந்து தீவுகள்வரை நிலையங்கள் அமைந்தன. கிழக்கிலிருந்து ரஷ்யா வந்தால் தலைநகருக்கு முன்கூட்டியே தெரியவேண்டும் அல்லவா? 1808ஆம் ஆண்டு ரஷ்யா வரவும் செய்தது. தந்தி செய்தியைத்தான் விரைவாகக் கொண்டு செல்லும், படையைத் தடுக்காது. 1809ஆம் ஆண்டு ஸ்வீடன் பின்லாந்தையும் ஓலந்து தீவுகளையும் ரஷ்யாவிடம் இழந்தது. எடெல்கிராண்ட்ஸ் பிறந்த துர்க்கு நகரும் அதோடு போயிற்று. கடலைக் கடந்து சென்ற தந்தி வரிசைக்கு இப்போது மறுமுனையே இல்லை. அமைதி திரும்பியபின் தகடுகளைப் பேணுவதற்குச் செலவிட யாருக்கும் மனமில்லை. எடெல்கிராண்ட்ஸ் 1821ஆம் ஆண்டு காலமானார்.

1830களில் கார்ல் அக்ரெல் என்ற இராணுவ அதிகாரி இந்தப் பணிக்கு மீண்டும் உயிரூட்டினார். பழுதான நிலையங்கள் சீராயின; தகடுகள் மீண்டும் அசைந்தன. ஆனால், காலம் வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது. 1853ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோமுக்கும் உப்சாலாவுக்கும் இடையே முதல் மின்தந்திக் கம்பி இழுக்கப்பட்டது. கம்பிக்கு மூடுபனி ஒரு பொருட்டன்று, இரவும் தடையன்று. இந்தப் புதிய தந்தித் துறைக்குத் தலைவராக நியமிக்கப்பட்டவர் யார் தெரியுமா? அதே அக்ரெல்தான். தகடுகளுக்கு உயிர்கொடுத்த கைகளே அவற்றை ஓயவைக்கும் கம்பியையும் இழுத்தன. தம் நிலையங்களைவிடக் கம்பி மேலானது என்பதை அவரைவிட நன்கு அறிந்தவர் யாராக இருக்க முடியும்?

அதன்பின் நிலையங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. எஞ்சிய சில, ஏறக்குறைய 1880ஆம் ஆண்டுவரை தாக்குப்பிடித்தன. ஐரோப்பாவிலேயே மிக நீண்ட காலம் உழைத்த காட்சித் தந்திகளுள் அவையும் அடங்கும். 1902ஆம் ஆண்டு ஸ்வீடன் இராணுவம் களத் தந்திப் படை என்ற தனிப்பிரிவை அமைத்தது. 1937ஆம் ஆண்டு அது சமிக்ஞைப் படைப்பிரிவு ஆயிற்று. அப்படையினரின் சின்னத்தில் இடம்பெற்றது மின்னற்கீற்று. தகடுகளின் நினைவாகக் குன்றுகளின் பெயர்கள் மட்டும் நிலப்படத்தில் தங்கிவிட்டன.