மிதிவண்டியில் சுமை கட்டும் முறை

1950-களில் சிங்கப்பூர்ச் சிராங்கூன் சாலை வட்டாரத்தில் பால்காரர்கள் மிதிவண்டியின் பின்புறம் இருமருங்கிலும் பால் பாத்திரங்களைத் தொங்கவிட்டுச் சென்றனர். ரொட்டிக்காரர்களோ பின்தட்டின்மேல் பெட்டியை ஏற்றினர். ரொட்டி எடை குறைந்தது, அதற்கு அது போதும். நெடும்பயணச் சுமைக்குப் பால்காரர் முறையே மேலானது. எடை தாழ்ந்தும் இருபுறமும் சமமாகவும் இருப்பின் வளைவில் வண்டி தடுமாறாது.

மூடியுள்ள இரு பிளாஸ்டிக் வாளிகளைப் பின்தட்டில் கொக்கியிட்டு மாட்டலாம். மிதிக்கையில் குதிகால் இடிக்காதவாறு சற்றே பின்தள்ளி மாட்டுதல் வேண்டும். கட்டுவதற்குக் கயிற்றினும் பழைய டியூப்பை நீளவாக்கில் வெட்டிய பட்டையே சிறந்தது. ரப்பரின் இழுவிசையைப் பால்மரம் வெட்டும் அன்பர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. குலுங்கினும் கட்டுத் தளராது. ஆயின், தொங்கும் நுனியை உட்செருக மறத்தலாகாது. அஃது ஆரக்கம்பியிற் சிக்கினால் சக்கரம் சட்டென நின்று, ஓட்டுபவர் வீழ்வார்.