உதடே சீவாளி

நம் விடுதித் தோழர்களில் சிலருக்கு என்னை இயற்பியல் முதுகலை மாணவனாகத் தெரியும். பலருக்கு மாலை வேளைகளில் தங்கள் படிப்பைக் கெடுக்கும் டிரம்பெட்டுக்காரனாகத்தான் தெரியும். அந்த டிரம்பெட் ஒரு நாள் என்னைக் கைவிட்ட கதையையும், அதனால் நான் கற்ற பாடத்தையும் இங்கே எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு குடியரசு தின விழாவுக்காக எங்கள் வாத்தியக் குழு பத்து நாட்கள் ஒத்திகை நடத்தியது. நாளொன்றுக்கு மூன்று மணி நேரம். ஏழாம் நாளே என் மேலுதடு தடித்துவிட்டது. நான் யாரிடமும் சொல்லவில்லை. விழா நாளன்று தில்லிக் குளிரில் பித்தளை பனிக்கட்டியாய்ச் சில்லிட்டிருந்தது. நாட்டுப்பண்ணின் இறுதிப் பகுதி மேலேறிச் செல்லும் அல்லவா? அங்கே என் கருவியிலிருந்து இசை வரவில்லை, வெறுங்காற்று வந்தது. பக்கத்தில் நின்றவர்கள் ஊதிச் சமாளித்தார்கள். அன்றிரவு உணவுக்கூடத்தில் ரசம் உதட்டில் பட்டபோது என் கண்களில் நீர் வந்தது. அது ரசத்தின் காரத்தால் மட்டுமன்று.

ஒலி எங்கே பிறக்கிறது?

நாகசுரத்தில் அதிர்வது சீவாளி. டிரம்பெட்டில் சீவாளி கிடையாது. ஊதுவாயில் பொருத்திய இரண்டு உதடுகளுமே அங்கே சீவாளி. நுரையீரலிலிருந்து வரும் காற்று உதடுகளைத் திறக்கிறது, அவை மூடுகின்றன, மீண்டும் திறக்கின்றன. இவ்வாறு விட்டு விட்டுச் செல்லும் காற்றே ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமுள்ள குழாயில் இசையாகிறது.

வழக்கமான பி-பிளாட் டிரம்பெட்டில் பிஸ்டன் எதையும் அழுத்தாமலே விநாடிக்கு 233, 466, 932 அதிர்வுகள் கொண்ட மூன்று ஸ்தாயி ஸ்வரங்களை எழுப்பலாம். விரலுக்கு அங்கே வேலையில்லை. உதட்டின் இறுக்கமும் மூச்சின் வேகமுமே ஸ்வரத்தை மாற்றுகின்றன. உதடு, பல், தாடை, கன்னம் ஆகியவை ஊதுவதற்காக ஒன்றுகூடி நிற்கும் நிலையைப் பிரெஞ்சு மொழியில் 'எம்புஷூர்' என்பார்கள். நாம் வாயமைதி என்று சொல்லிக்கொள்வோம்.

களைப்பது எது?

வாயைச் சுற்றி ஆர்பிகுலாரிஸ் ஓரிஸ் என்னும் தசை அமைந்திருக்கிறது. கை கால்களின் தசைகளைப் போல இது எலும்பிலிருந்து எலும்புக்கு இழுத்துக் கட்டப்பட்டதன்று. கன்னத்துத் தசைகளோடும் தோலோடும் பின்னிக் கிடப்பது. கன்னத்திலுள்ள ஒரு தசைக்குப் பக்ஸினேட்டர் என்று பெயர். இலத்தீனில் அதற்கு எக்காளம் ஊதுவோன் என்பது பொருள். பெயரிட்டவர்கள் அதன் வேலையை அறிந்திருக்கிறார்கள்!

பேசவும் உண்ணவும் அமைந்த இத்தசைகளை நாம் இடைவிடாமல் இறுக்கிப் பிடிக்கச் சொல்கிறோம். வேலை மிகும்போது தசைக்குள் பாஸ்பேட் முதலிய கழிவுகள் சேர்ந்து அதன் வலிமையைக் குறைக்கின்றன. அவற்றை அகற்றவும் பிராணவாயுவைத் தரவும் இரத்தம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இதுவரை குற்றம் எதுவுமில்லை. சற்று ஓய்வு தந்தால் தசை தேறிவிடும்.

குற்றம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. உதடு களைத்ததும் கை உதவிக்கு வருகிறது. இடக்கை கருவியை வாயோடு சேர்த்து அழுத்துகிறது. மேல் ஸ்வரம் ஒன்றிரண்டு முறை வந்தும் விடுகிறது, நாமும் மகிழ்கிறோம்.

ஒரு சிறு கணக்கு

என் ஊதுவாயின் விளிம்பை அளந்தேன். அதன் பரப்பு ஏறத்தாழ மூன்றரைச் சதுர சென்டிமீட்டர். அரைக் கிலோ எடையளவு மட்டும் அழுத்துவதாகக் கொள்வோம். அப்போது உதட்டின் மேல் விழும் அழுத்தம் பாதரச அளவில் நூறு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். நுண்குழல்களில் ஓடும் இரத்தத்தின் அழுத்தமோ சுமார் முப்பது மில்லிமீட்டர்தான். ஆகவே அரைக் கிலோவே விளிம்பின் கீழ் இரத்த ஓட்டத்தை நிறுத்தப் போதுமானது. களைத்தவன் அழுத்துவது அரைக் கிலோவோடு நிற்பதில்லை.

இரத்தம் நின்றால் தசை மேலும் களைக்கும். களைத்தால் மேலும் அழுத்துவோம். கடனை அடைக்கக் கடன் வாங்குவது போன்றது இது. வட்டி மறுநாள் காலையில் தெரியும்.

களைப்பும் காயமும்

இரண்டையும் பிரித்தறிவது இன்றியமையாதது. வாயோரங்கள் நடுங்குவதும், காற்று கசிவதும், ஒலி மங்குவதும் களைப்பின் குறிகள். இவை ஓய்வால் தீரும். கூரிய வலி, மரத்துப்போதல், நாட்கணக்கில் வற்றாத வீக்கம், உதட்டில் ஓரிடம் மட்டும் வலுவிழத்தல் ஆகியவை காயத்தின் குறிகள். அப்போது கருவியைப் பெட்டியில் வைத்துவிட்டு மருத்துவரை நாட வேண்டும்.

புகழ்பெற்ற லூயி ஆம்ஸ்ட்ராங்கே உதட்டுக் காயத்தால் 1935-இல் சில மாதங்கள் ஊதுவதை நிறுத்த நேர்ந்தது. டிரம்பெட் வாசிப்போருக்கு வாய்த்தசை கிழிவதைப் பற்றி 1982-இல் எழுதிய பிளானாஸ் என்ற அறுவை மருத்துவர், அந்நோய்க்கு ஆம்ஸ்ட்ராங்கின் செல்லப் பெயரான 'சாட்ச்மோ' என்பதையே சூட்டினார்.

நான் கைக்கொண்ட முறைகள்

விழாவுக்குப் பின் எங்கள் பயிற்சியாளர் என்னைத் தனியே அழைத்தார். இராணுவ பேண்டில் பல ஆண்டுகள் ஊதியவர். "எத்தனை நாளாக வலி?" என்று இந்தியில் கேட்டார். "நான்கு நாளாக, ஐயா" என்றேன். "ஏன் சொல்லவில்லை?" என்றார். என்னிடம் விடையில்லை. சொன்னால் என் இடம் வேறொருவனுக்குப் போய்விடும் என்று அஞ்சியதை எப்படிச் சொல்வது? அவர் கடிந்துகொள்ளவில்லை. வீக்கம் வற்றும்வரை கருவியைத் தொடக்கூடாது என்றார். பிறகு முதலிலிருந்து கற்பித்தார்.

முதலாவது, ஊதும் நேரமளவு ஓய்வும் வேண்டும். ஐந்து நிமிடம் ஊதினால் ஐந்து நிமிடம் கருவியை மடியில் வைக்க வேண்டும். அந்த நேரத்தில் ஸ்வரக்குறிப்பை மனத்தில் பாடிப் பார்க்கலாம்.

இரண்டாவது, தொடக்கத்தில் கீழ் ஸ்வரங்களை மெல்லிய ஒலியில் நீளமாக ஊத வேண்டும். முடிவிலும் அவ்வாறே. இடையிடையே குதிரை செருமுவது போல உதடுகளைத் தளர்த்திப் படபடக்கவிட்டால் இறுக்கம் குறையும்.

மூன்றாவது, வாயோரங்கள் உறுதியாகவும் நடு உதடு இளகியும் இருக்க வேண்டும். சிரிப்பது போல உதட்டை இழுத்தால் அது மெலிந்துவிடும். மெலிந்த உதடு அழுத்தத்தைத் தாங்காது.

நான்காவது, மேல் ஸ்வரத்தைக் கையால் தேடாமல் மூச்சால் தேட வேண்டும். வலக்கைச் சிறுவிரலைக் கொக்கியிலிருந்து எடுத்துவிட்டு ஊதிப் பாருங்கள். கருவியை எவ்வளவு இழுத்துக்கொண்டிருந்தோம் என்பது உடனே விளங்கும்.

ஐந்தாவது, குளிர்நாளில் ஊதுவாயைச் சட்டைப்பையில் வைத்துச் சூடேற்றிக்கொள்ள வேண்டும்.

மூன்று மாதங்களில் பழைய உயரத்தை எட்டினேன். இப்போது ஓர் அரங்கப் பாடலை முடித்தபின்னும் உதட்டில் மிச்சமிருக்கிறது.

இதை எழுதத் தூண்டியவர் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு முதலாண்டுத் தம்பி. சென்ற வாரம் அவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு ஒத்திகையிலிருந்து வெளியேறியதைக் கண்டேன். கேட்டதற்கு, "ஒன்றுமில்லை அண்ணா" என்றார். நானும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

தம்பி, நாகசுரக் கலைஞர்கள் தங்கள் கருவியில் உபரிச் சீவாளிகளைக் கோத்துத் தொங்கவிட்டிருப்பதை நீ பார்த்திருப்பாய். ஒன்று கெட்டால் இன்னொன்று. நமக்கு அந்த வசதி இல்லை. நாளை ஒத்திகையில் உன் பங்கையும் சேர்த்து நான் ஊதுகிறேன். நீ உட்கார்ந்து கேள்.