விநாடிகளில் அளக்கும் உயரம்



வானிலிருந்து குதிப்பவர்கள் உயரத்தை விநாடிகளில் எண்ணுகிறார்கள். விழும் உடல் முதல் விநாடியில் ஏறத்தாழ 5 மீட்டர் இறங்கும். இரண்டாம் விநாடி முடியும்போது 20 மீட்டரும், மூன்றாவது முடியும்போது 44 மீட்டரும் கடந்திருக்கும். வேகம் கூடக்கூடக் காற்றின் எதிர்ப்பும் கூடும். பன்னிரண்டு விநாடிகளில், ஏறத்தாழ 450 மீட்டர் இறங்கியபின், எடையும் எதிர்ப்பும் சமமாகி வேகம் மணிக்கு 190 முதல் 200 கிலோமீட்டரில் நின்றுவிடும். இயற்பியல் பாடநூல்கள் இதை முற்றுத்திசைவேகம் என்கின்றன.

விமானத்திலிருந்து குதிக்கும் ஸ்கைடைவிங்கில் 4,000 மீட்டர் உயரம் வழக்கமானது. பாராசூட்டைத் திறக்கும்வரை ஏறத்தாழ ஒரு நிமிடம் கையில் இருக்கும். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்திலுள்ள பெரைன் பாலம் ஸ்நேக் ஆற்றுக்கு மேலே 148 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அங்கிருந்து விழுவது தண்ணீரைத் தொட ஐந்தரை விநாடி போதும். குதித்து, அந்த ஐந்தரை விநாடிக்குள் பாராசூட்டை விரித்து, திசை பார்த்து இறங்குவது பேஸ் ஜம்ப்பிங். இரண்டிலும் முதுகில் இருப்பது மடித்த துணிதான். கருவிகளிலும் பயிற்சியிலும் பழக்கவழக்கங்களிலும் உள்ள வேறுபாடுகள் எல்லாம் நேரத்தின் அளவிலிருந்து பிறந்தவை.

1797 அக்டோபர் 22 அன்று பாரிஸின் மோன்சோ பூங்காவுக்கு மேலே, ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில், ஆந்த்ரே ழாக் கார்னெரன் தன் பலூனிலிருந்து பட்டுத்துணிப் பாராசூட்டை அறுத்துவிட்டுக்கொண்டு இறங்கினார். குடைக்குள் சேர்ந்த காற்று வெளியேற வழியில்லாமல் ஒரு பக்கம் மாற்றி ஒரு பக்கம் வழிந்ததால், அவர் நின்ற கூடை ஊஞ்சல்போல ஆடியது. பின்னாளில் குடையின் உச்சியில் ஒரு துளை விட்டதும் ஆட்டம் அடங்கியது. இருபதாம் நூற்றாண்டில் விமானங்கள் வந்தபோதும், மனிதர் நெடுநேரம் விழுந்தால் நினைவிழந்துவிடுவார் என்ற அச்சம் பலருக்கு இருந்தது. 1919 ஏப்ரல் 28 அன்று ஒஹாயோவின் மெக்குக் விமானத் தளத்தில் லெஸ்லி இர்வின் விமானத்திலிருந்து குதித்து, சற்று நேரம் விழுந்தபின் தன் கையாலேயே கயிற்றை இழுத்துப் பாராசூட்டைத் திறந்தார். தரையிறங்கும்போது கணுக்கால் உடைந்தது. அச்சமும் அன்றோடு உடைந்தது.

அதன்பின் நெடுங்காலம் பாராசூட் வட்டக் குடையாகவே இருந்தது. காற்று கொண்டுபோன இடத்துக்குத்தான் அது போகும். 1960களில், கனடாவில் பிறந்து அமெரிக்காவில் பட்டம் வடிவமைத்துவந்த டொமினா ஜால்பெர்ட் வேறு வழியைக் கண்டார். மேல் துணி, கீழ்த் துணி, இடையில் அறை அறையாகத் தடுப்புகள். அறைகளின் முன்வாய் திறந்திருக்கும், பின்பக்கம் தைத்திருக்கும். முன்னே நகரும்போது காற்று உள்ளே புகுந்து அறைகளை உப்பவைக்க, தொளதொளவென்ற துணி விமான இறக்கையின் வடிவம் பெறும். வட்டக் குடை விழுதலைத் தாமதப்படுத்தியது; இந்தச் சதுரப் பாராசூட் பறக்கிறது. இரண்டு விளையாட்டுகளும் இன்று இதன்மேல்தான் நிற்கின்றன.

ஸ்கைடைவர் முதுகில் சுமப்பது ஒரே பைக்குள் இரண்டு பாராசூட்டுகள்: மேலே அவசரப் பாராசூட், கீழே முதன்மைப் பாராசூட். தோளையும் தொடையையும் சுற்றிய ஹார்னஸ் பட்டைகள் பையை உடலோடு பிணைக்கின்றன. பையின் அடியிலுள்ள சிறு உறையிலிருந்து பைலட் சூட் என்னும் குட்டிப் பாராசூட்டைக் குதிப்பவர் உருவிக் காற்றில் எறிவார். அது காற்றைப் பிடித்து, தன்னோடு இணைந்த நாடாவை இழுக்கும். நாடா பையைப் பூட்டியுள்ள ஊசியை உருவ, உள்ளிருக்கும் துணி உறை வெளியே வரும். கயிறுகள் முழு நீளத்துக்கு நீண்டபின்தான் உறையிலிருந்து பாராசூட் வெளிப்படும்.

முழு வேகத்தில் துணி சட்டென்று விரிந்தால் உடல் தாங்காது, துணியும் கிழியலாம். அதைத் தடுப்பது ஸ்லைடர். நான்கு மூலைகளில் வளையம் தைத்த இந்தச் சதுரத் துணிக்குள் கயிறுகள் கோத்திருக்கும். திறக்கும்போது அது பாராசூட்டின் அடியில் இருந்து கயிறுகளைச் சேர்த்துப் பிடிக்கும். துணி உப்பும் விசை அதைக் கீழே தள்ளத் தள்ள, பாராசூட் சில விநாடிகள் எடுத்து மெல்ல மலரும்.

முதன்மைப் பாராசூட் சிக்கலானால் அதைக் கழற்றி எறிந்துவிட்டு அவசரப் பாராசூட்டைத் திறக்க வேண்டும். உடல் எடையைப் பல மடங்காகத் தாங்கி நிற்கும் பட்டையை நொடியில் கழற்றுவது எளிதல்ல. 1970களில் பில் பூத் வடிவமைத்த மூன்று வளைய அமைப்பு இதைத் தீர்த்தது. பெரிய வளையத்துக்குள் நடு வளையமும், அதற்குள் சிறு வளையமும் நெம்புகோல்போல மடங்கியிருக்கும். ஒவ்வொரு வளையமும் சுமையைக் குறைத்துக் கொடுக்க, கடைசியில் மிஞ்சும் சிறு சுமையை ஒரு சிறு கயிற்று வளையம் பிடித்துக்கொள்கிறது. கைப்பிடியை இழுத்தால் போதும், மூன்றும் வரிசையாக அவிழ்ந்துவிடும். குதிப்பவர் நினைவிழந்தாலோ உயரத்தை மறந்தாலோ உதவ இன்னொரு கருவி உண்டு. ஜெர்மனியில் ஹெல்முட் குளோத் உருவாக்கி 1991இல் விற்பனைக்கு வந்த சைப்ரஸ், காற்றழுத்தத்தைக் கொண்டு உயரத்தையும் வேகத்தையும் இடைவிடாமல் கணிக்கிறது. ஏறத்தாழ 225 மீட்டர் உயரத்திலும் ஒருவர் விழும் வேகத்தில் இருந்தால், அவசரப் பாராசூட்டைப் பூட்டியுள்ள கயிற்றை அதுவே அறுத்துவிடும்.

கருவிக்கு அடுத்தது உடல். விழும் மனிதருக்குக் காற்றே கைப்பிடி. இடுப்பை முன்தள்ளி, தலையும் கைகால்களும் பின்னோக்கி வளைய வில்போல இருந்தால், இறகுப்பந்து தலைகீழாகப் போகாததுபோல உடலும் வயிறு கீழாக நிலைக்கும். ஒரு கையைச் சற்றுத் தாழ்த்தினால் உடல் திரும்பும். கால்களை நீட்டினால் முன்னே நகரும். கைகளை உடலோடு ஒட்டி, கால்களை நீட்டி, விழுதலைப் பக்கவாட்டு ஓட்டமாக மாற்றுவது டிராக்கிங். குழுவாகக் குதிப்பவர்கள் பாராசூட்டைத் திறக்குமுன் இப்படித்தான் ஒருவரைவிட்டு ஒருவர் விலகிப் போகிறார்கள்.

மாணவர்கள் ஏறத்தாழ 1,500 மீட்டரில் திறக்கக் கற்கிறார்கள். திறந்ததும் மூன்று கேள்விகள்: துணி முழுதாக விரிந்திருக்கிறதா, நேராகப் பறக்கிறதா, சொன்னபடி திரும்புகிறதா? விடை ‘இல்லை’ என்றால் எந்த உயரத்துக்குக் கீழே தயங்கக் கூடாது என்பது குதிக்கும் முன்பே மனத்தில் எழுதப்பட்டிருக்கும். கடைசிப் பாடம் தரையிறக்கம். காற்றோடு ஒரு நீட்டம், குறுக்கே ஒரு நீட்டம், பிறகு காற்றை எதிர்த்துக் கடைசி நீட்டம். கால் தரையைத் தொடும் தறுவாயில் திசை திருப்பும் இரு கைப்பிடிகளையும் ஒருசேரக் கீழே இழுத்தால் பாராசூட்டின் வேகம் அடங்கும். நன்றாகத் திறந்த பாராசூட்டின் கீழேயே பலர் அடிபடுகிறார்கள். தரைக்கு அருகில் வேகமாகத் திரும்புவதுதான் முக்கியக் காரணம்.

பேஸ் என்பது நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்த பெயர். கட்டடம், அலைபரப்புக் கோபுரம், பாலம், பாறை ஆகிய நான்கு நிலையான உயரங்களை அது குறிக்கிறது. 1966இல் இரண்டு அமெரிக்கர்கள் கலிஃபோர்னியாவின் யோசெமிட்டியில், ஏறத்தாழ 900 மீட்டர் உயரமுள்ள எல் காபிட்டான் பாறையிலிருந்து வட்டப் பாராசூட்டுகளோடு குதித்தார்கள். பாறையைவிட்டு விலகிப் பறக்க அந்தக் குடைகளால் முடியவில்லை. இருவருக்கும் எலும்பு முறிந்தது. 1978இல் அதே பாறையிலிருந்து சதுரப் பாராசூட்டோடு குதித்தவர்களைக் கார்ல் போனிஷ் படமெடுத்தார். திறந்ததும் பாறைக்கு முதுகு காட்டிப் பறந்துபோகும் பாராசூட்டை அந்தப் படம் உலகுக்குக் காட்டியது. போனிஷும் அவர் மனைவி ஜீனும் நண்பர்களும் சேர்ந்துதான் பேஸ் என்ற பெயரை வைத்தார்கள். நான்கு வகையிலிருந்தும் குதித்து முடித்தவருக்கு ஒரு வரிசை எண் தரும் வழக்கமும் அவர்களுடையது. 1981 ஜனவரியில் ஹூஸ்டன் நகரக் கட்டடம் ஒன்றிலிருந்து குதித்து ஃபில் ஸ்மித் முதல் எண்ணைப் பெற்றார். போனிஷ் 1984இல் நார்வேயின் டிரோல்வெகன் பாறையிலிருந்து குதித்தபோது உயிரிழந்தார்.

பேஸ் கருவியில் ஒரே ஒரு பாராசூட்தான். முதலாவதைக் கழற்றி எறிந்து இரண்டாவதைத் திறக்க நேரம் இருப்பதில்லை. அதனால் மூன்று வளையமும் சைப்ரஸும் பெரும்பாலும் இங்கே இடம்பெறுவதில்லை. மிச்சப்படும் எளிமை நம்பகத்துக்காகச் செலவாகிறது. விழத் தொடங்கிய ஓரிரு விநாடிகளில் காற்றின் விசை குறைவு. அந்த மெல்லிய காற்றையும் பிடிக்கப் பெரிய பைலட் சூட் வேண்டும். ஸ்கைடைவர் வைத்திருப்பது 60 முதல் 80 சென்டிமீட்டர் விட்டமுள்ளது என்றால், குறைந்த உயரத்திலிருந்து குதிக்கும் பேஸ் ஜம்ப்பர் வைத்திருப்பது 120 சென்டிமீட்டரை எட்டும். பாராசூட்டும் பெரியது, ஏழு அறைகள் கொண்ட, மெதுவாகப் பறக்கும் வகை. துணி உறை கிடையாது. கயிறுகள் பாராசூட்டின் வால்புறத்தில் தைத்த சிறு பையில் மடித்து வைக்கப்படும். மூன்று விநாடியும் விழ இடமில்லாத இடங்களில் ஸ்லைடரைக் கழற்றிவிடுவார்கள். உயரம் மிகக் குறைந்தால் பைலட் சூட்டை நண்பர் கையில் பிடித்திருப்பார், அல்லது அறுந்துவிடக்கூடிய நூலால் பாலத்தின் கம்பியில் கட்டுவார்கள். விழும் உடலே பாராசூட்டை இழுத்துத் திறந்துகொள்ளும்.

விமானத்திலிருந்து குதித்தவருக்குப் பாராசூட் எந்தப் பக்கம் நோக்கித் திறந்தாலும் கவலையில்லை. சுற்றிலும் வெறும் வானம். பாறையிலிருந்து குதித்தவருக்கு அது பாறையை நோக்கித் திறந்துவிடுவதே பெரிய ஆபத்து. இதனால் பேஸ் ஜம்ப்பர்கள் மடிப்பதற்கு ஒரு மணி நேரம்வரை செலவிடுகிறார்கள். இடது பக்கத்து மடிப்பும் வலது பக்கத்து மடிப்பும் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஏறுமாறானால் திறக்கும்போது திரும்பிவிடும். குதிக்கும் கணத்தில் தோள்கள் சாய்ந்திருந்தாலும் அதே விளைவுதான். திரும்பிவிட்டால், கைப்பிடியைத் தேடாமல் தோளுக்கு மேலுள்ள பின்பட்டைகளையே பிடித்திழுத்துப் பாறையிலிருந்து விலக்கப் பழகுகிறார்கள். பாறையைவிட்டு விலகிப் பறக்க உதவும் இன்னொரு கருவி விங்சூட். கைகால்களுக்கு இடையே துணி கட்டிய அந்த உடை, விழுதலை முன்னோக்கிய பறத்தலாக மாற்றுகிறது. அதன் இன்றைய வடிவத்தை 1990களில் உருவாக்கிய பிரெஞ்சுக்காரர் பாட்ரிக் தெ கயார்தோன், தான் செய்த ஒரு மாற்றத்தைச் சோதிக்கும்போது 1998இல் ஹவாயில் இறந்தார்.

ஸ்கைடைவிங் நடக்கும் இடத்தை டிராப்சோன் என்பார்கள். சிறு விமான ஓடுதளம், மடிப்பதற்கான கூடம், மாலையில் கூடிப் பேச ஒரு மூலை. இவ்வளவுதான் அந்த ஊர். அமெரிக்கப் பாராசூட் சங்கத்தில் 25 குதிப்புகளோடு தேர்வுகளும் முடித்தால் முதல் நிலை உரிமம் கிடைக்கும். கடைசி நிலைக்கு 500 வேண்டும். முதன்மைப் பாராசூட்டை அவரவரே மடிக்கலாம். அவசரப் பாராசூட்டை உரிமம் பெற்ற ரிக்கர் என்னும் மடிப்பு வல்லுநர் மட்டுமே மடிக்க வேண்டும். அந்நாட்டில் 180 நாளுக்கு ஒருமுறை அதை அவிழ்த்துப் பார்த்து மீண்டும் மடிப்பது சட்டம். விமானம் ஏறுமுன் ஒருவர் ஊசியையும் பட்டைகளையும் இன்னொருவர் சரிபார்ப்பார். ஆயிரம் முறை குதித்தவரும் இதற்கு முதுகைக் காட்டி நிற்பார். எதையாவது முதன்முறை செய்தவர் மற்றவர்களுக்குப் பியர் வாங்கித் தர வேண்டும் என்பது மேற்கத்திய டிராப்சோன்களின் எழுதாத சட்டம்.

பேஸ் உலகுக்கு உரிமம் தரும் பொது அமைப்பு இல்லை. இருநூறு ஸ்கைடைவிங் குதிப்புகளாவது முடித்து, பாராசூட்டைத் துல்லியமாக ஓட்டத் தெரிந்தவரையே அனுபவசாலிகள் மாணவராக ஏற்பது வழக்கம். அனுமதியுள்ள இடங்கள் குறைவு. பெரைன் பாலத்தில் ஆண்டு முழுதும் தனி அனுமதியில்லாமல் குதிக்கலாம். பலர் முதல் பாடம் கற்பது அங்கேதான். மேற்கு வர்ஜீனியாவில் 267 மீட்டர் உயரமுள்ள நியூ ரிவர் கார்ஜ் பாலத்தில் அக்டோபர் மூன்றாம் சனிக்கிழமை மட்டும் குதிக்க இடம் தருகிறார்கள். கோலாலம்பூரின் 421 மீட்டர் கோபுரத்திலும் உலகெங்குமிருந்து வருபவர்கள் கூடிக் குதித்திருக்கிறார்கள். யோசெமிட்டியில் 1980இல் அனுமதி தந்து விரைவிலேயே நிறுத்திவிட்டார்கள். சுவிட்சர்லாந்தின் லாட்டர்புருன்னன் பள்ளத்தாக்கில் குதிப்பவர்கள் கால் பதிக்கும் புல், உழவர்களின் மாட்டுத்தீவனம். அதனால் குதிப்பவர்கள் கட்டணம் செலுத்தி ஓர் அட்டை வாங்க, அந்தப் பணம் உழவர்களுக்குப் போகிறது. ஹெலிகாப்டர்கள் பறக்கும் பள்ளத்தாக்கு அது. குதிக்குமுன் ஹெலிகாப்டர் தளத்துக்குத் தொலைபேசியில் சொல்வதும் முறை. ஒருவரின் அலட்சியம் எல்லோருக்கும் அந்த இடத்தை மூடிவிடும் என்பதைக் குதிப்பவர்கள் அறிவார்கள்.

ஆபத்தின் அளவைக் கணக்கே சொல்லும். நார்வேயின் கியராக் பாறையில் 1995 முதல் 2005 வரை நடந்த 20,850 குதிப்புகளில் ஒன்பது பேர் இறந்தார்கள். அதாவது 2,317 குதிப்புக்கு ஒருவர். அமெரிக்காவின் ஸ்கைடைவிங்கில் 2023ஆம் ஆண்டு ஏறத்தாழ 36 லட்சம் குதிப்புகளுக்குப் பத்து மரணங்கள். இந்த இடைவெளி, இரண்டாவது பாராசூட்டுக்கும் அதைத் திறக்கும் நேரத்துக்கும் உரிய விலை. கருவி பாதுகாப்பாக ஆக ஆக மனிதர் கூடுதல் துணிச்சல் காட்டி அந்த ஆதாயத்தைத் தின்றுவிடுவார் என்று மூன்று வளையத்தை உருவாக்கிய பூத்தே எச்சரித்திருக்கிறார்.

அதனால் பேஸ் பயிற்சியின் முடிவில் கற்பிக்கப்படும் திறமைக்குக் கருவி எதுவும் தேவையில்லை. பாறை விளிம்பில் நின்று காற்றை அளக்கிறார்கள். இலை அசைவதையும் பள்ளத்தாக்கின் புகை சாய்வதையும் பார்க்கிறார்கள். காற்று சரியில்லை என்றால், மூன்று மணி நேரம் ஏறிவந்த பாதையிலேயே, பையை அவிழ்க்காமல் நடந்து இறங்குகிறார்கள். அப்படி இறங்கி வருபவரைக் கீழே நிற்பவர்கள் கேலி செய்வதில்லை. குதித்தபின் கையில் இருப்பது சில விநாடிகள். விளிம்பில் நிற்கும்வரை நேரத்துக்குக் குறைவில்லை.