கசிவு எங்கே?

கமுந்திங்கில் நின்று கிழக்கே பார்த்தால் மலைத்தொடர் தெரியும். அதில் தைப்பிங் நகருக்கு மேலே, ஏறத்தாழ 1,250 மீட்டர் உயரத்தில் இருப்பது புக்கிட் லாருட். தீபகற்ப மலேசியாவில் மிக அதிகமாக மழை பெய்யும் வட்டாரம் இது. ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் மழை பெய்வதால் காட்டுத்தரை பெரும்பாலும் ஈரமாகவே இருக்கும்.

அந்த மலையடிவாரத்தில் நடைபெற்ற சாரணர் முகாமில் கலந்துகொண்டான் படிவம் நான்கு மாணவன் ஒருவன். அண்ணன் கொடுத்த காற்றுப் படுக்கையை விரித்து, வால்வைத் திறந்து காற்றை நிரப்பி, இறுக மூடிவிட்டுப் படுத்தான். நள்ளிரவில் குளிர் அவனை எழுப்பியது. படுக்கை தட்டையாகக் கிடந்தது. இடுப்பெலும்பு தரையில் இடித்தது. விடியும்வரை அவனுக்குத் தூக்கம் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும், “அம்மா, இந்தப் படுக்கை கெட்டுப்போய்விட்டது. அடுத்த மாத முகாமுக்குப் புதிது வாங்க வேண்டும்,” என்றான்.

அம்மா பதில் சொல்லவில்லை. அந்த மாதம் தங்கையின் பள்ளிச் செலவு இருந்தது. வாசலில் அமர்ந்திருந்த தாத்தாதான் கேட்டார்.

“எங்கே கசிகிறது என்று பார்த்தாயா, தம்பி?”

“இல்லை, தாத்தா.”

“நோய் எது என்று தெரியாமலே மருந்து வாங்கப் போகிறாயே!”

காற்று ஏன் தேவை?

காற்றுப் படுக்கையின் முதன்மையான வேலை மென்மை தருவது அன்று. உடலின் வெப்பம் தரைக்குப் போகாமல் தடுப்பதே ஆகும். அசையாமல் நிற்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. மாணவனின் படுக்கைக்குள் பஞ்சு போன்ற நுரை இருந்தது. வால்வைத் திறந்தால், சுருட்டி அழுத்தப்பட்டிருந்த நுரை விரிந்து காற்றைத் தானே உள்ளிழுக்கும். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சியாட்டல் நகரில் ஜிம் லீ, நீல் ஆண்டர்சன் ஆகிய பொறியாளர்கள் இத்தகைய படுக்கையை உருவாக்கினர். இருவரும் அதற்குமுன் போயிங் விமான நிறுவனத்தில் பணியாற்றியவர்கள். காற்று வெளியேறினால் நுரை நசுங்கும், தடுப்பு மெலியும், தரையின் குளிர் உடலை எட்டும்.

உண்மையாகவே கசிகிறதா?

மாலையில் நிரப்பிய படுக்கை காலையில் சற்றுத் தொய்ந்திருந்தால் அது கசிவுதான் என்று முடிவு செய்ய முடியாது. காற்று குளிர்ந்தால் சுருங்கும். 30 பாகை செல்சியசில் நிரப்பிய காற்று 18 பாகைக்குக் குளிர்ந்தால், அதன் கன அளவு நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு பங்கு குறையும். அறிவியல் பாடத்தில் வரும் சார்லஸ் விதி இதுதான். ஆனால், இந்தப் படுக்கை முழுவதுமாகத் தட்டையாகிவிட்டது. குளிர் மட்டுமே அதற்குக் காரணமாக இருக்க முடியாது.

தாத்தாவும் பேரனும் படுக்கையை ஊதி நிரப்பி, அதன்மேல் புத்தகப்பையை வைத்துவிட்டு உறங்கச் சென்றனர். காலையில் பை தரையோடு கிடந்தது. கசிவு உறுதியாயிற்று.

முதலில் வால்வைச் சோதித்தனர். அதன் உள்ளே மண்துகளோ முடியோ சிக்கியிருந்தால்கூடக் காற்று வெளியேறும். அதைத் துடைத்தாலே போதும். இவர்களது வால்வு தூய்மையாக இருந்தது. அடுத்து, பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கலக்கி, பஞ்சால் தொட்டுப் படுக்கை முழுவதும் தடவினர். விளிம்புகளில் எதுவும் தெரியவில்லை. நடுப்பகுதியில், இடுப்புப் படும் இடத்தில், கடுகளவு குமிழி ஒன்று மெல்லப் பெருத்தது, உடைந்தது, மீண்டும் பெருத்தது.

“பிரம்பு முள்ளாக இருக்கும்,” என்றார் தாத்தா. “கூடாரம் போடுமுன் தரையைக் கையால் தடவிப் பார்த்திருக்க வேண்டும்.”

ஈரம் காய்ந்துவிட்டால் அந்தத் துளை கண்ணுக்கே தெரியாது. ஆகவே, அழியாத மையால் அதைச் சுற்றி உடனே வட்டமிட்டனர்.

ஒட்டிய ஒட்டு உரிந்தது

தாத்தா இளமையில் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். விடியற்காலை இருட்டில் மிதிவண்டியில்தான் வேலைக்காட்டுக்குப் போவார். வழியில் டியூப் பஞ்சரானால் அவரே ஒட்டிக்கொள்வார். அதே பெட்டியைத் திறந்தார். துளையைச் சுற்றி உப்புத்தாளால் தேய்த்தார். டியூப் பசையைத் தடவிக் காயவிட்டு, ரப்பர்த் துண்டை வைத்து அழுத்தினார். வேலை நேர்த்தியாக இருந்தது. ஆனால், மறுநாள் காலை பேரன் விரல் நுனியால் தொட்டதும் துண்டு முழுசாக உரிந்து வந்தது.

“பசை பழசு, தாத்தா.”

“பசை புதுசுதான். போன மாதம்தான் வாங்கினேன். வேறு ஏதோ இருக்கிறது,” என்ற தாத்தா, உரிந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அன்று மாலை அத்தை வந்தார். கமுந்திங் தொழிற்பேட்டையில் உள்ள ரப்பர்க் கையுறை ஆலை ஒன்றில் தரச்சோதனைப் பிரிவில் வேலை செய்பவர் அவர். படுக்கையைத் தடவிப் பார்த்தவுடனே அவருக்குக் காரணம் விளங்கிவிட்டது.

“அப்பா, இது ரப்பர் இல்லை. நைலான் துணியின் உட்புறத்தில் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. டியூப் பசை ரப்பரோடுதான் பிணையும்.”

மரத்திலிருந்து வடியும் பாலில் செய்த ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839-ஆம் ஆண்டில் சார்லஸ் குட்இயர் அதைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் உறுதியாகும் என்று கண்டறிந்தார். அந்த முறைக்கு ‘வல்கனைசிங்’ என்று பெயர். மிதிவண்டி டியூபை ஒட்டும்போதும், பசையும் ஒட்டுத்துண்டும் ரப்பரோடு ஏறத்தாழ இதே வகையில் பிணைகின்றன. ரப்பர் பேரா மண்ணுக்குப் பழக்கமான பொருள். 1877-இல் கோலகங்சாரில் நடப்பட்ட ஒன்பது ரப்பர்க் கன்றுகளைப் பற்றி வரலாற்று நூல்கள் கூறுகின்றன. தாத்தாவின் கை பழகியதும் அந்தப் பொருளோடுதான். அவர் கையாண்ட முறையில் பிழை இல்லை, பொருள்தான் மாறிவிட்டது.

மீண்டும் ஒரு முயற்சி

அத்தை சொன்னபடி, மலையேறிகளுக்கான பொருள்கள் விற்கும் கடையில் யூரித்தேன் பசை ஒரு குழாய் வாங்கினர். புதுப் படுக்கையின் விலையோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய செலவு. இம்முறை அவர்கள் செய்தவை பின்வருமாறு:

1. படுக்கையிலிருந்து காற்றை வெளியேற்றி, சோப்பு போகக் கழுவி, நிழலில் முழுமையாக உலர்த்தினர்.
2. வட்டமிட்ட இடத்தைச் சாராயத் திரவம் தோய்ந்த துணியால் துடைத்தனர். எண்ணெய்ப் பசை இருந்தால் ஒட்டு நிற்காது.
3. வால்வைத் திறந்தே வைத்தனர். உள்ளே அடைபட்ட காற்று, ஈரப் பசையைத் துளைத்துக்கொண்டு வெளிவராமல் இருப்பதற்காக இவ்வாறு செய்தனர்.
4. துளையின்மீது பசையை இட்டு, ஒரு காசளவுக்குப் பரப்பினர்.
5. சமதரையில் வைத்து, இரவு முழுவதும் யாரும் தொடாமல் காயவிட்டனர்.

ஊசித்துளைக்குப் பசை மட்டுமே போதும். கிழிசலாக இருந்தால் ஒட்டுத்துண்டும் வேண்டும். அத்துண்டு கிழிசலைவிட எல்லாப் பக்கமும் ஒரு சென்டிமீட்டராவது பெரிதாக இருக்க வேண்டும். அதன் மூலைகளை வளைவாக வெட்ட வேண்டும். கூரான மூலைதான் முதலில் உரியும். உடனே ஒட்டும் ‘சூப்பர் குளு’வைப் பயன்படுத்தக் கூடாது. அது காய்ந்ததும் விறைப்பாகிவிடும். படுக்கையைச் சுருட்டும்போது வெடித்துவிடும்.

மறுநாள் பேரன் மகிழ்ச்சியோடு படுக்கையைப் பைக்குள் திணிக்கப் போனான். அத்தை தடுத்தார்.

“ஒட்டினால் மட்டும் போதாது, தம்பி. எங்கள் வேலையில் கையுறைக்குள் ஒரு லிட்டர் தண்ணீரை ஊற்றித் தொங்கவிட்டு இரண்டு நிமிடம் பார்ப்போம். ஒரு சொட்டு வந்தாலும் அது ஓட்டைக் கையுறைதான். மருத்துவர் அதை நம்பித்தானே கையை உள்ளே விடுகிறார்? நீயும் இதை நம்பித்தானே காட்டில் படுக்கப் போகிறாய்?”

படுக்கையை மீண்டும் நிரப்பி, சோப்பு நீரைத் தடவிப் பார்த்தனர். குமிழி வரவில்லை. புத்தகப்பையை ஏற்றி இரண்டு இரவுகள் விட்டுவைத்தனர். பை இறங்கவில்லை.

எப்போது மாற்ற வேண்டும்?

எல்லாப் படுக்கைகளையும் சரிசெய்துவிட முடியாது. உள்நுரை துணியிலிருந்து பிரிந்து ஓரிடம் பந்துபோல உப்பினால், அதை வீட்டில் ஒட்ட இயலாது. நாள்பட்ட வெப்பமும் ஈரமும் உட்பூச்சைச் சிதைக்கக்கூடும்; அப்போது ஒன்றை அடைத்தால் மற்றோர் இடத்தில் கசியும். உள்ளே பூஞ்சணம் பிடித்த படுக்கையை வாயால் ஊதுவது உடல்நலத்துக்கு ஏற்றதன்று. இத்தகைய நிலையில் மாற்றிவிடுவதே அறிவுடைமை. அப்போதும் விலையுயர்ந்ததைத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. மூடிய அறைகள் கொண்ட நுரைப்பாய் பருமனாக இருக்கும். ஆனால், அதில் முள் குத்தினாலும் கசிய ஒன்றுமில்லை. பழைய படுக்கையின் நல்ல பகுதியை வெட்டி, உட்காரும் விரிப்பாகப் பயன்படுத்தலாம்.

நன்றாகப் பேணினால் மாற்றும் தேவை தள்ளிப்போகும். காற்று நிரப்பிய படுக்கையை வெயிலில் வைக்கக் கூடாது. சூட்டில் காற்று விரிந்து ஒட்டுகளைப் பிரிக்கும். வீட்டில் வைக்கும்போது சுருட்டாமல் விரித்து, வால்வைத் திறந்து வைக்க வேண்டும். அப்போது உள்ளிருக்கும் ஈரம் வெளியேறும். நுரையும் தன் விரியும் தன்மையை இழக்காது.

அடுத்த முகாமின் முதல் இரவில் மழை கொட்டியது. மாணவன் கூடாரம் போடுமுன் தரையைக் கையால் தடவி, இரண்டு முட்களைப் பொறுக்கி எறிந்தான். காலையில் கண் விழித்தபோது படுக்கை சற்றே தொய்ந்திருந்தது. அவன் பதறவில்லை. வெயில் ஏறியதும் அது மீண்டும் விறைப்பானது.

வீடு திரும்பியவனிடம், “இரவு எப்படி, தம்பி?” என்று தாத்தா கேட்டார்.

“நன்றாகத் தூங்கினேன், தாத்தா. பக்கத்துக் கூடாரத்து நண்பனின் படுக்கைதான் கசிகிறது. நாளைக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.”

தாத்தா எழுந்து சோப்புத் தண்ணீர் கலக்கும் வாளியைத் தேடினார்.

அருஞ்சொற்பொருள்

பாகை – வெப்பநிலையை அளக்கும் அலகு
வேலைக்காடு – தோட்டத்தில் பால்மரம் சீவும் பகுதி
தொய்தல் – விறைப்பு இழந்து தளர்தல்
பூஞ்சணம் – ஈரத்தில் படரும் பூசணம்

கருத்துணர் கேள்விகள்

1. காலையில் படுக்கை தொய்ந்திருந்தும் மாணவன் ஏன் பதறவில்லை?
2. தாத்தா ஒட்டிய ஒட்டு ஏன் உரிந்தது? அவருடைய அனுபவத்தில் எவை பயன்பட்டன?
3. கையுறைச் சோதனையை அத்தை ஏன் எடுத்துக்காட்டினார்?
4. உங்கள் வீட்டில் பழுதான ஒரு பொருளைச் சரிசெய்வதா, மாற்றுவதா? காரணங்களுடன் எழுதுக.